சிப் வைத்த பிறகு என்ன ஆகிறது என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கை கால் அசைவிழந்தவர்கள் எண்ணத்தாலேயே கணினியை இயக்குவதற்காக மூளைக்குள் சிப் பொருத்தும் ஆராய்ச்சி பற்றி நம் நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் வரும் செய்திகள் குறித்து எழுதுகிறேன். உங்கள் நாளிதழை மட்டும் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு வருவது உங்கள் நாளிதழ் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் தென்காசி மாவட்டத்தில் வீடுகளுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். நான் பார்ப்பவர்களில் பலர் முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள். பனை ஏறி விழுந்தவர், கிணற்று வேலையில் கயிறு அறுந்து விழுந்தவர், இரவில் பைக்கில் வந்து நடுரோட்டில் நின்ற மாட்டின் மேல் மோதியவர் என்று பலர் இருக்கிறார்கள். அடி கழுத்தில் என்றால் காலோடு கையும் போய்விடும். இந்த வீடுகளில் மூளைச் சிப் செய்தியை யாரும் அறிவியல் துணுக்காகப் படிப்பதில்லை. காலையில் அச்சில் வந்தால் மதியத்துக்குள் அதைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "மேடம், இது நமக்கு எப்ப வரும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உதவும் ஒரு வரிகூட அந்தச் செய்திகளில் இருப்பதில்லை. என் வருத்தம் அதுதான்.

2024 ஜனவரி கடைசியில் நியூராலிங்க் நிறுவனம் முதல் மனிதருக்குச் சிப் பொருத்திய செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆதாரம், நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எலான் மஸ்க் எக்ஸ் தளத்தில் போட்ட பதிவு. சிப் பொருத்திக்கொண்டவர் நன்றாகத் தேறி வருகிறார், நரம்பணுக்களின் சமிக்ஞை தெரியத் தொடங்கிவிட்டது என்று அவர் எழுதினார். தமிழ் நாளிதழ்களும் அதை அப்படியே தமிழாக்கிப் போட்டன. யார் ஒப்புதல் வாங்கினார்கள், ஆபத்து என்னவென்று சொன்னார்களா, தோல்வியடைந்தால் என்ன ஏற்பாடு என்று எதுவும் இல்லை. அமெரிக்காவில் மனிதர்களிடம் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி பதிவு செய்ய ஓர் அரசு இணையதளம் இருக்கிறது. அந்தச் சமயத்தில் இந்த ஆய்வு அதில் பதிவாகியிருக்கவில்லை. அந்த நாட்டு மருத்துவ அறவியல் அறிஞர்கள் இதை அப்போதே கேள்வி கேட்டார்கள். நான் படித்த தமிழ்ச் செய்திகளில் அந்தக் கேள்வி வரவில்லை.

மார்ச் மாதம், சிப் வைத்துக்கொண்ட நோலண்ட் ஆர்பா என்ற இளைஞர் மனதாலேயே கணினியில் செஸ் விளையாடும் வீடியோ வந்தது. உலகம் முழுக்கப் பார்த்தது, நாமும் பார்த்தோம். மே மாதம் அதே நிறுவனம் இன்னொன்றைச் சொன்னது. மூளையின் சமிக்ஞையைப் பிடிப்பதற்காக உள்ளே செருகியிருந்த 64 மெல்லிய இழைகளில் பல, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வாரங்களிலேயே இடம் நழுவி வெளியே வந்துவிட்டன. விலங்குகளிடம் சோதித்தபோதே இந்தச் சிக்கல் நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. ஜனவரிச் செய்தியை நான் தமிழில் முதல் பக்கத்தில் படித்தேன். மே மாதச் செய்தியைத் தெரிந்துகொள்ள ஆங்கிலத்துக்குத்தான் போகவேண்டியிருந்தது.

மென்பொருளை மாற்றியமைத்த பிறகு ஆர்பாவுக்கு மறுபடியும் கருவி நன்றாக வேலை செய்தது. தன் வாழ்க்கையே மாறிவிட்டது என்று அவர் சொல்கிறார். அந்த மகிழ்ச்சியை நான் கொஞ்சமும் குறைத்து மதிப்பிடவில்லை. கையசைக்க முடியாத ஒருவர் இன்னொருவர் உதவி இல்லாமல் ஒரு மெசேஜ் அனுப்புவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். இந்த ஆராய்ச்சி நடக்கத்தான் வேண்டும். வெற்றி முதல் பக்கத்துக்கு வரும்போது சிக்கலும் எங்காவது வரவேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

"உலகிலேயே முதன்முறை" என்று போடுவதிலும் ஒரு கெடுதல் இருக்கிறது. இதற்கு 20 ஆண்டுகள் முன்பே, 2004-ல், அமெரிக்காவில் மாத்யூ நேகல் என்ற இளைஞருக்கு மூளையில் 96 மின்முனைகள் கொண்ட கருவி வைத்தார்கள். கத்திக்குத்தில் கழுத்துக்குக் கீழே அசைவிழந்தவர் அவர். மின்னஞ்சல் திறந்தார், டிவியை மாற்றினார், செயற்கைக் கையை விரிக்கவும் மூடவும் செய்தார். 2006-ல் அது நேச்சர் என்ற அறிவியல் ஆய்விதழில் கட்டுரையாக வந்தது. 2007-ல் அவர் இறந்துபோனார். ரத்தத்தில் கிருமி பரவியதுதான் காரணம். கருவியை அதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள், ஆகவே அதன்மேல் பழி சொல்வதற்கில்லை. எங்கள் பக்கத்தில் இப்படிப் படுக்கையில் இருப்பவர்களைக் கொண்டுபோவதும் பெரும்பாலும் இதே கிருமிதான். படுக்கைப்புண்ணிலிருந்தோ யூரின் டியூபிலிருந்தோ ஏறும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க ஆள் இருந்தால் புண்ணைத் தடுத்துவிடலாம். மூளையில் உலகப் புகழ் பெற்ற கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த ஆள் வேண்டும். இந்த 20 ஆண்டுக் கதையைச் சொன்னால் படிப்பவருக்கு ஒரு நிதானம் வரும். புதுசு என்று மட்டும் சொன்னால், நாளைக்கே வந்துவிடும் என்றுதான் தோன்றும்.

அப்படித் தோன்றியதன் விளைவை நான் கண்ணால் பார்த்தேன். கழுத்தில் அடிபட்ட ஒரு பையன், இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. மணிக்கட்டில் கொஞ்சம் அசைவு மிச்சம் இருந்தது. அந்த அசைவை வைத்தே டம்ளர் பிடிக்கவும், கையில் பட்டை கட்டி ஸ்பூன் செருகிச் சாப்பிடவும் பழக்க முடியும். விடாமல் பயிற்சி செய்யவேண்டும், விரல் மடங்கி இறுகாமல் இருக்க இரவில் கைக்கு ஸ்பிளிண்ட் என்ற தாங்கி போடவேண்டும். பாதி வழியில் அவன் நிறுத்திவிட்டான். "சிப் வந்துட்டா இதெல்லாம் எதுக்கு அக்கா?" என்றான். விரல்கள் மடங்கி இறுகத் தொடங்கிவிட்டன. அவன் அப்பா என்னைத் தனியாக வாசலுக்குக் கூட்டிப்போய், வயலை விற்றால் அமெரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகமுடியுமா என்று கேட்டார். அது கடையில் விற்கிற பொருள் இல்லை, இன்னும் ஆய்வுதான், பணம் கொடுத்து வாங்கமுடியாது, இப்போது வைத்துக்கொண்டவர்கள் உலகம் முழுக்கச் சேர்த்தாலும் கொஞ்சம் பேர்தான், அந்தச் சிப் கம்ப்யூட்டர் திரையில் அம்புக்குறியை நகர்த்துமே தவிர உங்கள் மகன் காலை எழுப்பாது என்று அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "பேப்பர்லயே போட்டிருக்காங்களேம்மா" என்றார்.

அவர் படித்தது முழுக்கப் பொய் என்றும் சொல்லமுடியாது. 2023-ல் சுவிட்சர்லாந்தின் லோசானில் ஒருவருக்கு மூளையிலும் முதுகுத்தண்டிலும் கருவி வைத்து இரண்டையும் இணைத்து, அவரை நடக்க வைத்தார்கள். உண்மைதான். ஆனால் அவருக்கு முதுகுத்தண்டு முழுவதுமாகச் சேதமாகவில்லை, நடப்பதும் ஊன்றுகோல் துணையோடுதான். இந்த இரண்டு விவரமும் தலைப்பில் வராது, சரி. செய்தியின் கடைசி வரியிலாவது வரலாமே?

இனி, சிப் வைத்த பிறகு என்ன ஆகிறது என்ற விஷயத்துக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் பெரிய அறக்கேள்வி இங்கேதான் இருக்கிறது. நம் செய்திகள் தொடாத இடமும் இதுதான்.

ஆஸ்திரேலியாவில் வலிப்பு நோயால் அவதிப்பட்ட ஒரு பெண்மணிக்கு 2010-ல், வலிப்பு வரப்போவதை முன்கூட்டியே எச்சரிக்கும் கருவியை மூளையில் வைத்தார்கள். அதன்பின் அவர் தைரியமாக வெளியே போனார், வண்டி ஓட்டினார். நியூரோவிஸ்டா என்ற அந்த நிறுவனம் 2013-ல் பணம் இல்லாமல் நின்றுபோனது. கருவியை எடுத்துவிடச் சொன்னார்கள். அவர் மறுத்தார். வீட்டை அடமானம் வைத்தாவது கருவியை விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று அவரும் கணவரும் கேட்டுப்பார்த்தார்கள். கடைசியில் எடுத்துத்தான் விட்டார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு டாஸ்மேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பேசியபோதும், தன்னில் ஒரு பகுதியை இழந்ததுபோலத்தான் அவர் அதைச் சொன்னார். ஒருவர் உடம்பின் பாகமாகவே ஆகிவிட்ட பொருளை, நிறுவனம் நொடித்துவிட்டது என்பதற்காகப் பிடுங்கலாமா? இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? ஒரு தலையங்கத்துக்கே இதில் விஷயம் இருக்கிறது.

பார்வை இழந்தவர்களுக்குக் கண்ணின் விழித்திரையில் வைத்த ஆர்கஸ் கருவியின் கதையும் இப்படித்தான். உலகம் முழுவதும் 350 பேருக்கு மேல் வைத்துக்கொண்டார்கள். 2019-ல் நிறுவனம் அந்தக் கருவியைக் கைவிட்டது, அடுத்த ஆண்டு பெரும்பாலான ஊழியர்களையும் அனுப்பிவிட்டது. பழுது பார்க்க ஆளில்லாமல், உதிரிப் பாகம் இல்லாமல், கண்ணுக்குள் கருவியோடு அந்த மனிதர்கள் நின்றார்கள். 2022-ல் ஒரு தொழில்நுட்பப் பத்திரிகை ஒவ்வொருவராகத் தேடிப்போய்ப் பேசி எழுதிய பிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. பத்திரிகை நினைத்தால் என்ன செய்யமுடியும் என்பதற்கும் இதுவே அத்தாட்சி.

அமெரிக்காவில் கழுத்தில் அடிபட்டு அசைவிழந்த இயன் பர்க்கார்ட் என்பவர் 2014-ல் மூளைக் கருவி வைத்துக்கொண்டு, அதன் உதவியால் தன் சொந்தக் கையையே அசைத்தார். கிருமித் தொற்றால் 2021-ல் அதை எடுக்கவேண்டி வந்தது. கருவி இருந்த காலத்திலும் ஆய்வுக்கூடத்தை விட்டு வீட்டுக்கு வந்தால் கை பழையபடிதான். அவர் இப்போது இப்படிக் கருவி வைத்துக்கொண்டவர்களை ஒன்றுசேர்த்து, ஆய்வு முடிந்தபின் எங்களுக்கு என்ன வழி என்று நிறுவனங்களையும் அரசையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். நிறுவன உரிமையாளரின் பதிவைப் போடுவதற்குப் பதில் இவர் சொல்வதைப் போட்டிருந்தால், வயலை விற்க நினைத்த அந்த அப்பாவுக்கு விவரம் புரிந்திருக்கும்.

இது ஏதோ வெளிநாட்டுக் கவலை என்று நினைக்கவேண்டாம். நம் மாநிலத்தில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேளாத குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் என்ற, காதுக்குள் பொருத்தும் கேட்கும் கருவியை வைக்கிறார்கள். ஏழை வீட்டுக் குழந்தைக்குப் பேச்சு கிடைக்கிறது, நல்ல திட்டம். நான் பயிற்சிக்குப் போகும் ஒரு வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் அப்படி ஒரு சிறுமி இருக்கிறாள். காதுக்கு வெளியே மாட்டும் பகுதி பழுதானபோது, உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்று கருவி விற்ற நிறுவனம் கைவிரித்தது. புதிது வாங்க லட்சக்கணக்கில் ஆகும். அவள் அம்மா பீடி சுற்றுகிறவர். பள்ளிக்கூடத்தில் அந்தக் குழந்தை வாரக்கணக்கில் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்தது. இலவசமாக அறுவை சிகிச்சை நடந்த அன்று படத்தோடு செய்தி வருகிறது. ஐந்து வருடம் கழித்து அந்தக் கருவி வேலை செய்கிறதா என்று கேட்டு ஒருவரும் வருவதில்லை. நாளைக்கு மூளைச் சிப் நம் ஊருக்கு வந்தாலும் இதே கதைதான் நடக்கும்.

அறம் பற்றிப் பேசும் செய்திகளே வருவதில்லை என்றும் சொல்லமாட்டேன். வருகின்றன. ஆனால் அவை எல்லாம் "இனி உங்கள் எண்ணங்களைத் திருடலாம்" என்ற வகை. 2024 ஆகஸ்டில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அழிக்கும் ஏ.எல்.எஸ். நோயால் பேச்சிழந்த ஒருவரை, மூளையில் கருவி வைத்து, 97 சதவீதத் துல்லியத்தோடு, அவருடைய பழைய குரலிலேயே பேச வைத்தார்கள். அதை மனதைப் படிக்கும் எந்திரம் என்று செய்திகளில் எழுதினார்கள். உண்மையில் அவர் வாயைத் திறந்து பேச முயற்சி செய்கிறார். அந்த முயற்சிக்கு மூளை அனுப்பும் கட்டளையைத்தான் கருவி பிடிக்கிறது. 2023-ல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்கேன் கருவியை வைத்து ஒருவர் கேட்கும் கதையின் சாரத்தை எழுத்தாக்கினார்கள். ஒவ்வொருவரையும் 16 மணி நேரம் ஸ்கேனுக்குள் படுக்கவைத்துப் பழக்கினார்கள். ஒத்துழைக்காமல் மனதுக்குள் வேறு எதையாவது எண்ணிக்கொண்டிருந்தால் அது வேலை செய்யவில்லை. அதையும் அவர்களே சோதித்து எழுதியிருந்தார்கள்.

பயத்துக்குக் காரணமே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. 2025-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், வாய் அசைக்காமல் மனதுக்குள் சொல்லிக்கொள்ளும் சொற்களில் கொஞ்சம் கருவியில் பிடிபடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதனால் மனதுக்குள் ஒரு கடவுச்சொல்லை நினைத்தால்தான் கருவி கேட்கத் தொடங்கும்படி ஒரு பூட்டையும் செய்து காட்டினார்கள். ஆபத்து இன்னது, அளவு இவ்வளவு, தடுப்பு இது என்று மூன்றும் சேர்ந்து வந்தால் படிப்பவர் யோசிப்பார். பயத்தை மட்டும் கொடுத்தால் அன்றைக்குப் பேசிவிட்டு மறந்துவிடுவார்.

பயப்படவேண்டிய இடத்தை நம் பத்திரிகைகள் குற்றச்செய்திப் பக்கத்தில் வைத்திருக்கின்றன என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. 2008-ல் புனே நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் இளம் பெண்ணுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. தீர்ப்பில் எடுத்துச் சொல்லப்பட்ட சான்றுகளில் ஒன்று மூளை அலைச் சோதனை. தலையில் மின்முனைகளை மாட்டி, கண்ணை மூடி உட்காரச் சொல்லி, "நான் ஆர்சனிக் வாங்கினேன்" என்பதுபோல வாக்கியங்களை அவர் காதில் விழும்படி வாசித்தார்கள். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மூளை பதில் சொல்லிவிட்டது என்றார்கள். அதே ஆண்டு பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனத்தின் இயக்குநர் தலைமையிலான குழு, இந்தச் சோதனைகளுக்கு அறிவியல் அடிப்படை போதாது என்று சொன்னது. அந்தப் பெண்ணுக்குப் பின்னர் மும்பை உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. 2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், சம்மதம் இல்லாமல் ஒருவருக்கு நார்கோ (மயக்க மருந்து கொடுத்துப் பேசவைப்பது), பாலிகிராப் (பொய் கண்டறியும் கருவி), மூளை அலைச் சோதனை எதையும் செய்யக்கூடாது, அது தனக்கு எதிராகவே சாட்சி சொல்ல ஒருவரைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்ற அரசியல் சாசனத்தின் 20(3) பிரிவுக்கும், உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் 21-வது பிரிவுக்கும் விரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மூளைத் தரவைப் பாதுகாக்க அரசியல் சாசனத்தையே திருத்திய நாடு என்று 2021-லிருந்து சிலியைப் புகழ்ந்து எழுதுகிறார்கள். எழுதட்டும், தகுதியான புகழ்தான். 2023-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், தலையில் மாட்டும் கருவி விற்ற ஒரு நிறுவனம் சேர்த்து வைத்திருந்த முன்னாள் செனட்டர் ஒருவரின் மூளைத் தரவை அழிக்கச் சொன்னது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ஒருவர் மூளைக்குள் இருப்பதை அவர் சம்மதம் இல்லாமல் அரசு எடுக்கக்கூடாது என்று நம் நாட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூளைச் சிப் அறம் பற்றிய எந்தத் தமிழ்க் கட்டுரையிலும் இந்தத் தீர்ப்பை நான் பார்த்ததில்லை. ஒரு பரபரப்பான கொலை நடந்தால் மட்டும் "உண்மை கண்டறியும் சோதனைக்கு ஏற்பாடு" என்று பெரிய எழுத்தில் வருகிறது. சோதனை செய்தால் உண்மை வந்துவிடும் என்ற தொனியில் வருகிறது. காவல் நிலையத்தில் இருக்கும் ஒருவர் கொடுக்கும் சம்மதம் எவ்வளவு சம்மதம் என்று கேட்பதில்லை. நம்பிக்கையை விட்டால் வேறு ஒன்றும் இல்லாத என் நோயாளிகள், ஆய்வு என்று யாராவது ஒரு காகிதத்தை நீட்டினால் எவ்வளவு யோசித்துக் கையெழுத்துப் போடுவார்கள் என்ற கவலை எனக்கு எப்போதும் உண்டு. இரண்டும் ஒரே கேள்விதான். இதைத் தொடர்ந்து கேட்க நாளிதழால் முடியும்.

கேட்பதற்கு ஆட்கள் இங்கேயே இருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்து ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-ல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கடற்படைக்கு ஆளெடுக்கும் சோதனையின்போது கீழே விழுந்து அடிபட்டு, கழுத்துக்குக் கீழே அசைவிழந்தவர். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை ஒரு நிறுவன முதலாளியைவிட இப்படிப்பட்டவர்கள் நன்றாகச் சொல்வார்கள். வீட்டில் இருப்பவர்களிடம் நான் கேட்டிருக்கிறேன். சிறுநீர், மலம் தன் கட்டுப்பாட்டில் வந்தால் போதும் என்பார்கள். அம்மாவுக்கு வயதாகிறது, பிறகு யார் புரட்டிவிடுவார்கள் என்பார்கள். மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகை டயப்பருக்கே சரியாகிவிடுகிறது என்பார்கள். நடக்கவேண்டும் என்று முதலில் சொல்பவர்கள் புதிதாக அடிபட்டவர்கள். பழையவர்கள் வேறு சொல்கிறார்கள். எந்தக் கருவி யாருக்கு, எதற்காக வேண்டும் என்ற கேள்வியை இவர்களிடமிருந்துதான் தொடங்கவேண்டும்.

ஆகவே, அடுத்த முறை மூளைச் சிப் செய்தி போடும்போது சில விவரங்களைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். எத்தனை பேரிடம் சோதித்தார்கள், சொல்வது ஆய்விதழா நிறுவனமா, அந்தக் கருவியால் எதைச் செய்யமுடியாது, ஆய்வு முடிந்தபின் கருவிக்கும் அந்த மனிதருக்கும் யார் பொறுப்பு. நாலு வரி போதும். பழைய செய்தியில் நல்லது சொன்ன கருவிக்குப் பிறகு என்ன ஆனது என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது தேடி எழுதுங்கள்.

உங்கள் நிருபர் யாராவது இந்தப் பக்கம் வந்தால் நானே வீடுகளுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். பேசச் சம்மதிப்பவர்கள் இருக்கிறார்கள், இரண்டு பேரிடம் கேட்டும் வைத்திருக்கிறேன். பெயரும் படமும் போடக்கூடாது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார், அதை மட்டும் மதிக்கவேண்டும். காலை பத்து மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். உடம்பு துடைத்து, யூரின் பையைக் காலி செய்து, வீல்சேரில் உட்கார வைக்க அவ்வளவு நேரம் ஆகும்.

அன்புடன்,
ஒரு பிசியோதெரபிஸ்ட்,
சுரண்டை, தென்காசி மாவட்டம்.